தெற்குப் பக்கம், 1.1 மீற்றர்

"தம்பி, ஆர் வேரை வெட்டினது எண்டு உதில எழுதுவீங்களோ?"

"அதுக்கு இதில இடமில்லை, அம்மா."

"அப்ப என்ர மரத்திலதான் பிழை எண்டு வரும்."

அவருடைய பலா மரத்தின் நிலை பற்றி நான் எழுதிய குறிப்பில் அப்படித்தான் வந்தது. "மரம் ஆபத்தான நிலையில் உள்ளது. அகற்றுமாறு பரிந்துரைக்கப்படுகிறது." இரண்டு வசனம். முதலாவதற்கு மரம் எழுவாய். இரண்டாவதற்கு எழுவாயே இல்லை. வேரை வெட்டியவர் இரண்டிலும் இல்லை.

பரிந்துரை பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாயிற்று. தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 204 சென்ரிமீற்றர். 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 65. விட்டத்தின் 12 மடங்கை ஆரையாக வைத்து ஒரு வட்டம் கீறி, அதற்குள் மண்ணைத் தொடாமல் விடவேண்டும் என்பது மரத் துறையில் பலரும் கைக்கொள்ளும் அளவு. கட்டட வேலை நடக்கும் இடத்து மரங்களுக்கான பிரித்தானிய நியமம் 5837 சொல்வதும் அதுதான். இந்தப் பலாவுக்கு 7.8 மீற்றர் வருகிறது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் 7.8 மீற்றர் ஆரையில் வட்டம் கீறினால் அது ஒருவருடைய காணிக்குள் அடங்காது.

தெற்குப் பக்கத்துக் காணியில் தொடர்மாடிக்கு அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். பழைய எல்லை மதில் உடைக்கப்பட்டு, அடிமரத்திலிருந்து 1.1 மீற்றர் தள்ளி, 1.5 மீற்றர் ஆழத்துக்கு நேர்கோடாக ஓர் அகழி. அந்தக் கோடு வட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துவிட்டது. வெட்டியது பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரத்தின் வாளி. வாளால் அரிந்த வேரின் முகம் தட்டையாக இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள பகுதி பிழைத்துப் புது வேர் விடும். வாளி பிடுங்கிய வேர் அப்படியல்ல. அது வெளியே முறியும் முன்பு உள்ளே கிழியும். பட்டை உரிந்து, அடிமரம் நோக்கி ஒரு முழம் வரை பிளந்திருக்கும். அகழியின் சுவரில் மணிக்கட்டுத் தடிப்பில் ஐந்து வேர்களும் தொடைத் தடிப்பில் ஒன்றும் அப்படித் தொங்கின. வடிந்த பால் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கோ முதல்நாளோ நடந்த வேலையல்ல.

மரத்தின் மேற்பாதியைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இலை கரும்பச்சை. கொப்பில் பிஞ்சு. ஆபத்தான மரம் என்றால் பொந்து விழுந்திருக்கும், பட்ட கொப்பு இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தச் சோதனைகளும் நடந்தன. கொட்டாப்புளியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினால் எங்கும் இறுக்கமான ஓசை. பொந்து இருந்தால் பறை போல் கேட்கும். உள்ளே கோறையான மரத்தில், மிஞ்சிய நல்ல மரத்தின் தடிப்பு ஆரையின் 30 வீதத்துக்குக் கீழே போனால் யோசிக்கவேண்டும் என்பார்கள். இங்கே அந்தக் கணக்குக்கே தேவை வரவில்லை. அடியில் காளான் தட்டு இல்லை. சாய்வு இருந்தது, ஆனால் பழைய சாய்வு. சாய்ந்து வளர்ந்த மரம் உச்சியை நிமிர்த்திக்கொள்ளும். புதிதாகச் சரியும் மரத்தின் உச்சி சரிந்தபடியே நிற்கும், பின்பக்க மண்ணில் வெடிப்பு ஓடும். முதல்நாள் போனபோது வெடிப்பும் இல்லை.

ஆனால் மரத்துக்குச் சோறு போடும் வேர் வேறு, அதைப் பிடித்து வைத்திருக்கும் வேர் வேறு. சோறு போடும் மெல்லிய வேர்கள் தூரத்தில் கிடக்கின்றன. அவை போனால் மரம் மூன்று, நான்கு வருடத்தில் மெல்ல மெல்லப் பட்டுப்போகலாம், தேறியும் வரலாம். பிடித்து வைத்திருக்கும் தடித்த வேர்கள் பெரும்பாலும் விட்டத்தின் மூன்று முதல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் முடிந்துவிடும். இந்த மரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3.25 மீற்றர். அகழி 1.1 இல்.

கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து, கடலிலிருந்து வருகிறது. கம்பத்தை இழுத்துக் கட்டிய கயிறு போல, காற்று வரும் பக்கத்து வேர்தான் மரத்தை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அறுத்தால் மரம் வடகிழக்கே படுக்கும். வடகிழக்கே அந்த அம்மாவுடைய குசினி, அதற்கு அப்பால் ஒழுங்கை. பின்னேரம் நான்கு மணிக்கு ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஒழுங்கையால்தான் போகிறார்கள். வேரை வெட்டிய காணியின் மேல் மரம் விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் காற்று எந்தத் திசையிலிருந்தும் சுழன்று அடிக்கும், உண்மைதான். அப்போதும் கயிறு அறுந்த பக்கம் அறுந்த பக்கம்தான். ஒக்டோபருக்கு இரண்டு கிழமை இருந்தது.

முறைப்பாடு செய்தவர் பக்கத்துக் காணிக்காரர். சாய்ந்த மரம், கட்டடத்துக்கும் வேலையாட்களுக்கும் ஆபத்து என்று எழுதியிருந்தார்.

வேறு வழி இருந்ததா என்பதில்தான் மனம் நிற்கிறது. கொப்புகளைக் குறைத்து உச்சியைப் பதித்தால் காற்றுப் பிடிக்கும் பரப்பு குறையும், மரம் நெம்புகோலாக வேலை செய்யும் நீளமும் குறையும். ஆனால் ஒரே தடவையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. வேரை இழந்த மரத்துக்குப் புது வேர் விட இலையும் வேண்டும். பாதுகாப்புக்குப் போதுமான அளவு வெட்டினால் மரம் தேறாது; மரம் தேறும் அளவுக்கு வெட்டினால் பாதுகாப்புப் போதாது. எஃகு வடத்தால் இழுத்துக் கட்டலாம், கட்டுவதற்கு உறுதியான பிடிமானம் தென்மேற்கே வேண்டும், அங்கேதான் அகழி. தெரிந்த விசையால் மரத்தை இழுத்து, அடி கால் பாகையளவு சரிகிறதா என்று அளக்கும் சோதனை இருக்கிறது. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. கிழிந்த வேர்களை நேராக அரிந்து, அகழியை உடனே மூடி, ஈரமாக வைத்திருந்தால்? வெட்டிய கிழமையே செய்திருந்தால் பலன் இருந்திருக்கும். கட்டட வேலையை நிறுத்துவது மரம் பார்க்கப் போகிறவருடைய அதிகாரத்தில் இல்லை. கடற்கரை மணல் வேறு. ஈரக் களிமண் போல அது வேரைக் கவ்விப் பிடிக்காது.

எனவே அகற்று. ஒவ்வொரு படியும் சரி.

2023 ஒக்டோபர் 6 காலை, கொள்ளுப்பிட்டியில் டுப்ளிகேஷன் வீதியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது மரம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அது வீதியோர மரம், தனியார் காணி மரமல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு "கண்காணிக்கலாம்" என்று எழுதக் கை வருவதில்லை. வெட்டச் சொன்ன மரம் விழுந்திருக்குமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வைத்திருக்கச் சொன்ன மரம் விழுந்தால் கையெழுத்து யாருடையது என்று தேடி வருவார்கள். பயம் கணக்கை மாற்றவில்லை என்று நம்புகிறேன். அந்த 204 சென்ரிமீற்றர் எனக்குப் பயம் வந்தாலும் வராவிட்டாலும் 204 தான்.

பலா என்பதால் விடயம் பிரதேச செயலாளர் வரை போனது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தன் சொந்தக் காணியிலும் அனுமதியில்லாமல் ஒருவர் வெட்ட முடியாது. மூன்றும் சாப்பாடு தரும் மரங்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலா நடச் சொல்லி, 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று பெயர் எடுத்த நாடு இது. பஞ்சத்தில் சோற்றுக்கு ஈடாக நின்ற மரத்துக்குச் சட்டம் காவல் நிற்பதில் நியாயம் இருக்கிறது. அதே வளவில் நூறு பேருக்கு நிழல் தரும் மாமரம் நின்றிருந்தால் இந்த அனுமதியே தேவையில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் போய்விடும். கொழும்பில் தனியார் வளவு மரங்கள் குறைவது இப்படித்தான் என்பது என் எண்ணம்: அனுமதி மறுக்கப்படுகிற இடத்தில் அல்ல, யாரும் அனுமதி கேட்கவேண்டியிராத இடத்தில்.

பலாவுக்குக் கேட்கவேண்டும். காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, மரத்தின் நிலை பற்றிய குறிப்பு. இவ்வளவு கண்கள் பார்க்கிற ஒரு வழியிலும் வேர் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர் மரத்துக்காரி மட்டும்.

இடமில்லை என்று சொன்னது உண்மையா என்று படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இனம், சுற்றளவு, உயரம், சாய்வு, நோய், கீழே உள்ளவை, பரிந்துரை. எல்லாவற்றுக்கும் அடியில் 'வேறு குறிப்புகள்' என்று இரண்டு வரி. வெறுமையாக இருந்தது. அவருடன் பேசிக்கொண்டு நின்றபோதும் அந்த இரண்டு வரியும் அங்கேதான் இருந்தன. இடமில்லை என்பது பொய்யல்ல என்று சில நாள் தோன்றும்: 'காரணம்' என்று ஒரு நிரல் இல்லைத்தானே. மற்ற நாளில் அது பொய்தான்.

எழுதாததற்கும் நியாயம் இருக்கிறது. அகழியைப் பார்த்தேன், வெட்டியதைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர் தன் எல்லைக்குள்தான் வெட்டினார். எல்லை தாண்டி வரும் வேரைத் தன் காணிக்குள் வெட்டும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பெயரை எழுதினால் மரக் குறிப்பு வழக்குக் கடதாசியாகிவிடும், முடிவு இழுபடும், மழை வந்துவிடும். குசினிக்குள் நிற்பவர் அந்த அம்மாதான். அவருடைய உயிருக்காகத்தான் விரைவு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி நினைக்கிறேன்.

ஆனால் பெயர் எழுதச் சொல்லி யார் கேட்டது? சரியாக யோசித்தால் அவர் கேட்டது பெயரைக்கூட அல்ல. பிழை மரத்தில் இல்லை என்பது ஒரு தாளில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்கு அவர் போயிருக்கலாம். வெட்டுக்கூலியையாவது பங்கு போடும்படி கேட்டிருக்கலாம். கையில் காட்ட என்ன இருந்தது? மரம் ஆபத்தானது என்கிற அறிக்கை. அகழிக்குள் கொங்கிறீற் போட்ட பிறகு அந்த ஆறு வேர்களையும் யாரும் பார்க்கப்போவதில்லை. அவற்றை அளந்தவருடைய குறிப்பு ஒன்றுதான் சாட்சி. அந்தக் குறிப்பில் அவை இல்லை.

மரத்தை ஒரு நாளில் இறக்கினார்கள். மின்சார சபைக்குச் சொல்லி ஒழுங்கைக் கம்பிக்கு மின்னைத் துண்டித்து, கொப்புகளைக் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக. பெரிய கொப்பில் முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை வாள் போகவேண்டும், பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து; மாறிச் செய்தால் கொப்பு முறிந்து தொங்கி, மேலே நிற்பவரை அடிக்கும். அடிமரத்தை ஒரு மீற்றர் துண்டுகளாக அரிந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் தொன். வெட்டு முகம் முழுவதும் மஞ்சள் வைரம், ஒரு கறை இல்லை. அது எதையும் நிரூபிக்காது. உள்ளே நல்ல மரம் என்பது முதலே தெரிந்த விடயம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மட்டும் அந்த அறிவு உதவவில்லை.

பதிலுக்கு இரண்டு கன்று நடவேண்டும் என்று நிபந்தனை. அந்த வளவில் இனிப் பலா நடுவதற்கு இடம் எங்கே என்று அளந்து பார்த்தால், தெற்கே கொங்கிறீற் சுவர், கிழக்கே குசினி, வடக்கே கிணறு. கன்று நடலாம். மரம் வளராது. நிபந்தனை போடும்போது அளவு எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு வரியை வெறுமையாக விடுவதில்லை. "தெற்கு, 1.1 மீற்றர், ஆழம் 1.5 மீற்றர், இயந்திரக் கிழிவு, தடித்த வேர் 6, பால் காய்ந்தது" என்கிற மாதிரி. நில அளவைப் படம் வைத்திருப்பவருக்குத் தெற்கே யாருடைய காணி என்று தெரியும். தெரிய விரும்பாதவருக்கு இது வெறும் அளவு. பரிந்துரைகள் இதனால் மாறவில்லை, கோவைகள் முன்பு போலவே போய்வருகின்றன. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவருடைய கோவையில் அந்த வரிகள் வெறுமையாகத்தான் கிடக்கின்றன, திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்த தாளில் பிறகு எதையும் சேர்க்க முடியாது.

திசை, தூரம், ஆழம், வேரின் எண்ணிக்கை, பாலின் நிறம். இரண்டு வரிக்குள் எல்லாம் அடங்குகின்றன. பெயரும் அடங்குமா என்று இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.