காய்கறிச் சுணையின் மரபியல்: தேர்வுக்கு நான் படித்த விதம்

வெண்டைக்காய் பறித்தவர்களுக்குச் சுணை என்றால், அதாவது செடியின் மேல்தோலில் முளைக்கும் நுண்ணிய மயிர் (ட்ரைக்கோம்) என்றால், என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் காய்கறி அறிவியலில் முதுகலை நுழைவுத்தேர்வுக்கோ நெட் தேர்வுக்கோ படிக்க உட்கார்ந்தால், அந்தச் சுணை பாடத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது. தக்காளி இனவிருத்தியில் ஒரு வரி, வெள்ளரியின் மரபணுப் பட்டியலில் நாலு வரி, பூச்சி எதிர்ப்புத்திறன் பகுதியில் ஒரு பத்தி என்று சிதறிக் கிடக்கும். பலரும் மரபணுப் பெயர்களை மட்டும் அட்டவணை போட்டு உருப்போட்டுவிடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் திணறல்தான். நான் படித்த வரிசை வேறு. முதலில் எந்தச் சுணை என்று கண்ணால் பார்ப்பது, அப்புறம் அது சந்ததியில் எந்த விகிதத்தில் பிரிகிறது என்று கணக்குப் போடுவது, மரபணுவின் பெயர் கடைசியில். இன்றைக்கும் ஜூனியர்கள் கேட்டால் இதையேதான் சொல்கிறேன்.

தக்காளியில் தொடங்குங்கள். லக்வில் என்ற ஆய்வாளர் 1943-இல் தக்காளி இனங்களின் சுணைகளை ஏழு வகையாகப் பிரித்தார். 1, 4, 6, 7 ஆகிய வகைகளுக்கு நுனியில் சுரப்பி உண்டு. 2, 3, 5-க்குக் கிடையாது. இதை எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஒரு தக்காளி இலையின் அடிப்பக்கத்தில் செல்லோ டேப்பை ஒட்டி மெல்ல உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். 6-ஆம் வகை உடனே கண்ணில் படும்: குட்டைக் காம்பு, அதன் உச்சியில் நான்கு செல் கொண்ட தலை, ஆரைக்கீரை இலையை மேலிருந்து பார்ப்பதுபோல. தக்காளிச் செடிக்குக் கொம்பு கட்டுகிறவர்களின் விரலில் மஞ்சள் பச்சையாக ஒட்டி, காயக் காயக் கறுத்துப்போகும் அந்தப் பிசுக்கு பெரும்பாலும் இந்தத் தலை உடைந்து வருவதுதான். 1-ஆம் வகை மிக நீளமானது, அதன் அடியில் பல செல்கள் திரண்டிருக்கும். 4-ஆம் வகை குட்டை, அடியில் ஒற்றைச் செல்.

இந்த 4-ஆம் வகையில் கேள்வி தயாரிப்பவர்களுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. சாகுபடித் தக்காளியில் அது கிடையாது என்றே பழைய நூல்களில் இருக்கும். உண்மையில் நாற்றின் வித்திலைகளிலும் முதல் சில இலைகளிலும் அது உண்டு, செடி முதிர்ந்ததும் மறைந்துவிடும். சொலானம் பென்னெல்லி, சொலானம் கலபகென்ஸ் போன்ற காட்டினங்களில் மட்டும் முதிர்ந்த இலையிலும் தங்குகிறது. இலையின் வயதைக் குறிப்பிடாமல் சுணை வகையை எழுதினால் விடை அரைகுறை.

இனி விகிதம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தக்காளியின் வுல்லி மரபணு ஓங்கு தன்மை உடையது. ஒரு பிரதி இருந்தாலே செடி முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல் அடர்ந்த சுணை வரும். இரண்டு பிரதி சேர்ந்தால் கரு நிலையிலேயே இறந்துவிடும். அதனால் வுல்லிச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் 3:1 வராது, 2:1 வரும். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். அடுத்த படியையும் போட்டுப் பாருங்கள். பயிற்சிக்காக 120 செடி என்று வைத்துக்கொள்வோம்: 82 வுல்லி, 38 சாதாரணம். 2:1-க்கு எதிர்பார்ப்பது 80, 40. கை ஸ்கொயர் மதிப்பு (எதிர்பார்த்ததிலிருந்து கண்டது எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 0.15, அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் 3:1-க்கும் போடுங்கள். எதிர்பார்ப்பது 90, 30. மதிப்பு சுமார் 2.84. ஒரு சுதந்திரப் படிக்கு (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 5 சதவீத அளவில் எல்லை 3.84, ஆகவே 3:1-ஐயும் தள்ள முடியவில்லை! அதே விகிதத்தில் செடிகளை இரட்டிப்பாக்கி 164, 76 என்று எடுத்தால் 3:1-க்கு மதிப்பு 5.69 ஆகிறது, இப்போது அது விழுந்துவிடும். 2:1-க்கு 0.3 மட்டுமே. சிறிய எண்ணிக்கையில் 2:1-ஐயும் 3:1-ஐயும் பிரிக்க முடியாது என்பதை இந்த ஒரு கணக்கு மனதில் பதிய வைத்துவிடும். இரண்டு பிரதி சேர்ந்தால் உயிரைப் பறிக்கும் கொல்லி மரபணு என்று உறுதிசெய்ய வேறு என்ன செய்வீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டால், பதில் நேரானது: எந்த வுல்லிச் செடியை எடுத்து விதைத்தாலும் சந்ததி பிரியும், பிரியாமல் ஒரே மாதிரிச் சந்ததி தரும் தூய வழி கிடைக்கவே கிடைக்காது. சாதாரணச் செடியோடு கலந்தால் 1:1 வரும்.

ஹேர்லெஸ் என்ற இன்னொரு தக்காளி மரபணு பெயராலேயே ஆளைக் கவிழ்க்கும். ஒடுங்கு தன்மை கொண்ட (இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளிப்படும்) இந்தச் சடுதிமாற்றத்தில் சுணை இல்லாமல் போவதில்லை. வீங்கி, வளைந்து, உருக்குலைந்து நிற்கிறது. செல்லுக்குள் ஆக்டின் இழைகள் கிளைவிட உதவும் ஒரு புரதக் கூட்டத்தின் உறுப்பு பழுதாவதால் சுணை நேராக நீள முடிவதில்லை. பெயரைப் பார்த்து விடையைக் குறிக்காதீர்கள்.

வெள்ளரிக்கு வருவோம். சீனாவின் வடபகுதி வெள்ளரி ரகங்களில் காய் முழுக்க முள்ளும் அதன் அடியில் கொப்புளம்போன்ற புடைப்பும் இருக்கும். ஐரோப்பியப் பசுமைக்குடில் ரகங்கள் வழவழப்பானவை. வெள்ளரியில் நாம் முள் என்று சொல்வது பல செல்களால் ஆன சுணைதான். புடைப்பைத் தருவது டியூ என்ற ஓங்கு மரபணு, சுணையே இல்லாமல் ஆக்குவது கிளாப்ரஸ் என்ற ஒடுங்கு மரபணு. சுணை இல்லாத ஒரு பெற்றோரையும், முள் இருந்தும் புடைப்பில்லாத ஒரு பெற்றோரையும் கலந்தால் முதல் தலைமுறைக் காய்கள் எல்லாம் புடைப்போடு வருவது உண்டு. இரண்டு பெற்றோரிலும் இல்லாத பண்பு எங்கிருந்து வந்தது? சுணை இல்லாத பெற்றோர் டியூவைச் சுமந்திருக்கிறது, ஆனால் சுணையில்லாமல் புடைப்பு எழும்ப வழியில்லை. அதனால் மறைந்தே இருந்தது. இரண்டாம் தலைமுறையில் 9 புடைப்புள்ளவை, 3 முள் மட்டும் உள்ளவை, 4 வழவழப்பானவை. இப்படி ஒரு ஒடுங்கு மரபணு இன்னொரு மரபணுவின் பண்பை மறைக்கும் ஒடுங்கு மறைப்புத்தன்மைக்கு வழக்கமாக எலியின் மயிர் நிறத்தைத்தான் எழுதுவார்கள். தோட்டக்கலை மாணவர் வெள்ளரியை எழுதினால் திருத்துகிறவருக்கே சந்தோஷமாக இருக்கும். 160 செடிக்கு 90, 30, 40 என்று எதிர்பார்ப்பை எழுதிப் பழகுங்கள். இங்கே சுதந்திரப் படி இரண்டு, எல்லை 5.99.

வழவழப்பு என்றாலே ஒடுங்கு பண்பு என்ற எண்ணம் இதைப் படித்ததும் வந்துவிடும். சோயா அதை உடைக்கும். அதில் பி1 என்ற மரபணுவின் ஓங்கு அல்லீல்தான் (மரபணுவின் மாற்று வடிவம்) சுணையை நீக்குகிறது. சோயா சுணையின் நிறத்துக்கு டி மரபணு: செம்பழுப்பு ஓங்கு, சாம்பல் ஒடுங்கு. பச்சைக் காயாக விற்கும் காய்கறிச் சோயாவுக்குச் சாம்பல் சுணையைத்தான் விரும்புவார்கள், செம்பழுப்பில் காய் அழுக்காகத் தெரியும்.

அப்புறம் ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் சிறு கடுகுக் குடும்பச் செடியான அரபிடாப்சிஸ். உயிர்த்தொழில்நுட்பப் புத்தகங்கள் எல்லாம் ஜிஎல்1, ஜிஎல்3, டிடிஜி1 என்ற மூன்று மரபணுக்களும் சேர்ந்து, சுணையை உருவாக்கும் ஜிஎல்2 மரபணுவைத் தூண்டும் கதையைச் சொல்லும். அழகான கதை, கட்டாயம் படியுங்கள். ஆனால் அங்கே சுணை என்பது கிளைவிட்ட ஒற்றைச் செல். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த டர்னிப்புக்கும் சீன முட்டைக்கோஸுக்கும் அதைக் கொண்டுபோகலாம். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் பல செல் சுணை, அங்கே அந்த மாதிரியை அப்படியே ஒட்டினால் தவறாகிவிடும். வுல்லியும், வெள்ளரியில் சுணையே முளைக்காமல் செய்யும் கிளாப்ரஸ் 3-உம், அரபிடாப்சிஸின் ஜிஎல்2-உம் மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்களின் ஒரே குடும்பமான ஹெச்டி-ஜிப் 4-ஐச் சேர்ந்தவை என்ற அளவுக்கு ஒப்பிட்டு எழுதினால் போதும்.

பூச்சி எதிர்ப்புக் கேள்வியில் சுணையின் வடிவத்தையும் அதன் உள்ளிருக்கும் வேதிப்பொருளையும் கட்டாயம் பிரித்து எழுதுங்கள். சாகுபடித் தக்காளியிலும் 6-ஆம் வகை இருக்கிறது, சொலானம் ஹப்ரோகைட்டஸிலும் இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் 2-டிரைடெக்கனோனைத் தேக்கி வைப்பது அந்தக் காட்டினத்தின் சில மரபு வழிகள்தான். பென்னெல்லியின் 4-ஆம் வகை அசைல் சர்க்கரையைச் சுரந்து வெள்ளை ஈயை ஒட்டவைக்கும். அடர்த்தி, வகை, வேதிப்பொருள் மூன்றும் தனித்தனி மரபணுக்களின் கையில் இருப்பதால், காட்டினத்திலிருந்து கொண்டுவரும்போது ஒன்று வந்து இன்னொன்று தவறிப்போகிறது. வேண்டாத காட்டுப் பண்புகளும் பிணைந்தே வந்துவிடுகின்றன. உருளைக்கிழங்கில் பொலிவியாவின் சொலானம் பெர்தால்டியைச் சொல்லுங்கள். அதன் ஏ வகைச் சுணை உடைந்தால் உள்ளிருப்பது காற்றில் பழுப்பாகி இறுகி அசுவினியின் காலைப் பிடித்துக்கொள்ளும்; நீண்ட பி வகை எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். கூடவே எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும்: சுணை நன்மை செய்யும் பூச்சிகளையும் தடுக்கும். வெள்ளை ஈயின் ஒட்டுண்ணியான என்கார்சியா குளவி, சுணை குறைந்த வெள்ளரி இலையில்தான் தடையின்றி நடந்து இரையைத் தேடுகிறது என்பது நெதர்லாந்தில் கண்டது. இந்த ஒரு வரியை எழுதுகிறவர்கள் குறைவு.

கடைசியாகக் கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம். அதன் முள்ளையும் சுணையையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். கத்தரி இலையின் சுணை நட்சத்திர வடிவம், லென்ஸ் வைத்தாலே தெரியும். முள்ளின் மரபணு வேறு கதை. சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் உருவாக்கத்தின் கடைசிப் படியைச் செய்யும் லாக் என்ற நொதியின் மரபணு பழுதானால் கத்தரி முள்ளை இழக்கிறது என்று 2024-இல்தான் வெளிவந்தது. ரோஜா போன்ற தூரத்துச் செடிகளிலும் இதே குடும்பத்து மரபணுதான் முள்ளுக்குப் பின்னால் நிற்கிறது. அதற்கு முன் அச்சான வழிகாட்டி நூல்களில் இது இருக்காது. அவற்றை வைத்துப் படிப்பவர்கள் ஓரத்தில் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.