மேப்பில் இல்லாத பள்ளம்: முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபணை கொடுத்த அனுபவம்

எங்கள் ஊரையும் சேர்த்துப் போட்ட முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்: எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் விவசாயத்துக்கு என்று வகுக்கும் திட்டம்) வரைவுக்கு ஆட்சேபணை கொடுக்க, முதல் தடவை மனுவை ஒரே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அதைத் தயாரிக்கும் திட்டக் குழும அலுவலகத்துக்குப் போனேன். அது பெரிய தவறு. வாங்கிய எழுத்தர் அதை மேசை ஓரத்தில் இருந்த காகிதக் கட்டுக்குள் செருகிவிட்டு, "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார். ஒப்புகை கேட்டேன். "இதுக்கெல்லாம் ஒப்புகை தர்றதில்லீங்க, எல்லாம் மேல போயிரும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொடுத்த மனுவையே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து அந்த அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அரை நாள் வீண். ஆனால் அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால், நான் மனு கொடுத்தேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருந்திருக்காது. பின்னால் விசாரணை நடந்தபோது என்னோடு வந்த இரண்டு பேருக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

எங்களுடையது கொங்குப் பக்கம் ஒரு நகரத்தை ஒட்டிய ஊராட்சி. பாதி தோட்டம், பாதி சைட். நகரத்தின் முழுமைத் திட்டத்தைப் புதுப்பித்தபோது எல்லையை நீட்டி எங்கள் ஊரையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். 2025 ஜூலை தொடக்கத்தில் வரைவு வெளியானது. மேப்பில் பச்சை வேளாண்மை, மஞ்சள் குடியிருப்பு. எங்கள் ஊரின் கிழக்குப் பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தது.

வீடு வருவதை நான் எதிர்க்கவில்லை. என் தம்பியே இங்கே சைட் வாங்கித்தான் வீடு கட்டினான். மில்லுக்கும் காலேஜுக்கும் வேலைக்கு வருகிறவர்கள் எங்கேதான் குடியிருப்பார்கள்? என் கவலை வேறு. அந்த மஞ்சளுக்குள் எங்கள் பள்ளம் காணாமல் போயிருந்தது. நாங்கள் பள்ளம் என்று சொல்வது ஓடையை. வருடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பத்துப் பதினைந்து நாள்தான் தண்ணீர் ஓடும். அந்தப் பத்து நாள் தண்ணீரில்தான் ஊர்க் குட்டை நிறைகிறது, குட்டையைச் சுற்றியுள்ள கிணறுகள் சித்திரை வரை தாங்குகின்றன. ஆனியிலோ ஆடியிலோ வந்து பார்க்கிறவருக்கு அது வெறும் கருவேல முள் முளைத்த தாழ்வான இடம், அவ்வளவுதான்.

பள்ளம் ஏன் விடுபட்டது என்பது புரியவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஓடை, குட்டை, வாய்க்கால் எல்லாம் புறம்போக்காக இருந்தால் அதற்கென்று தனிப் புல எண் (சர்வே நம்பர்) இருக்கும், ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டிலும் ஓடை என்றே இருக்கும். மேப் போடுகிறவர்கள் அதைப் பார்த்து நீலம் அடித்துவிடுவார்கள். எங்கள் பள்ளம் முக்கால்வாசி தூரம் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது. பட்டா ஓடை. பதிவேட்டில் அந்த நிலம் முழுக்கப் புஞ்சை. புல எண் வாரியாக வண்ணம் அடித்தபோது பள்ளத்தின் மேலும் மஞ்சள் ஏறிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். ஒரு நிலம் திட்டத்தில் மஞ்சளாகிவிட்டால், அப்புறம் அங்கே மனைப்பிரிவு போட அங்கீகாரம் கேட்கும்போது ஊரை யாரும் கேட்க மாட்டார்கள். ஊரைக் கேட்கிற ஒரே கட்டம் இந்த வரைவுக் கட்டம்தான். இதை விட்டால் மாற்றுவதற்குத் தனி அறிவிப்பு, அரசு ஆணை என்று வருடக்கணக்காக இழுக்கும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனது எனக்குப் பெரிய பலம். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இல் 26-ஆவது பிரிவைப் படியுங்கள். அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்றாவது விஷயத்தைத்தான் எங்கள் ஊரில் பலரும் கவனிக்கவில்லை: நேரில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் நேர்விசாரணை. மனுவின் கடைசியில் "என்னை நேரில் அழைத்துக் கேட்குமாறு கோருகிறேன்" என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. பெரும்பாலானவை ஒரே மாதிரி அச்சடித்த தாள். அதில் அந்த வரி இல்லை, புல எண்ணும் இல்லை. "விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் இருந்தது. உண்மையான வேதனையோடு கையெழுத்துப் போட்ட மனுக்கள் அவை. எந்தப் புலம், எவ்வளவு ஏக்கர், என்ன மாற்றம் வேண்டும் என்று இல்லாததால் அவற்றை ஒரே தொகுப்பாக்கி ஒரே பதிலோடு முடித்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, பள்ளம் இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமே. இணையத்தில் புலப்படம் (சர்வே நம்பர் வாரியான நில அளவைப் படம்) இறக்கினேன். எல்லைக் கோடும் அளவுகளும் இருந்தன, பள்ளம் இல்லை. என் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது புதுசு கண்ணு. கையில வரைஞ்ச பழைய படத்துல பள்ளம் ரெண்டு கோடாப் போகும். எங்க ஐயன் பாகம் பிரிக்கறப்ப நான் பாத்திருக்கேன்" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவுக்கு நடந்தேன். முதல் நாள் சர்வேயர் களப்பணிக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் வந்திருந்தார், பதிவறைச் சாவி வேறொருவரிடம் இருந்தது. மூன்றாம் நாள், "ஆன்லைன்ல இருக்கறதுதானுங்க, அதையே எடுத்துக்கலாமே" என்றார். எனக்கு வேண்டியது கையால் வரைந்த பழைய பிரதி என்று எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் கிடைத்தது.

மஞ்சளேறிய தாள், மடிப்பில் கிழிந்து பின்பக்கம் துணி ஒட்டியிருந்தார்கள். புலத்தின் வடமேற்கு மூலையில் நுழைந்து தென்கிழக்கில் வெளியேறும்படி இரண்டு மெல்லிய கோடுகள். நடுவில் தண்ணீர் போகும் திசைக்கு ஒரு சிறிய அம்புக்குறி. பக்கத்தில் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதை) வளைகிற இடத்தில் அந்தக் கோடு குறுக்கே கடக்கிறது. அங்கேதான் இப்போதும் மழைக்காலத்தில் டூவீலரைத் தள்ளிக்கொண்டு போகிறோம். அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்றைக்கோ எவரோ ஒரு சர்வேயர் வெயிலில் நின்று பார்த்து வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டேன். உங்கள் ஊரிலும் இதே சிக்கல் என்றால் ஒன்று செய்யுங்கள்: 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டையும் கேளுங்கள். எங்கள் ஊரில் குட்டைக்குப் போகும் வாய்க்காலின் ஒரு துண்டு அதில் புறம்போக்கு என்றே இருந்தது. பிந்தைய பதிவேட்டில் அது பக்கத்துப் புஞ்சையோடு சேர்ந்திருந்தது.

அடுத்தது கிராம சபை. ஆகஸ்ட் 15 கூட்டம் அவகாசத்துக்குள் வந்தது எங்கள் நல்ல நேரம். ஆனால் ஊராட்சித் தலைவர் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, தனி அலுவலர் நிர்வாகம். ஊரின் அடுத்த இருபது வருடத்தைத் தீர்மானிக்கிற சமயத்தில் ஊர் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. இது யாருக்கும் பெரிதாகப் படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். "இது நம்ம பொருள்ல இல்லீங்களே, திட்டக் குழுமத்துக்குப் போய்ச் சொல்லுங்க" என்றார் ஊராட்சிச் செயலர். கிராம சபைக்கு வந்தவர்கள் கொண்டுவரும் பொருளையும் எடுக்கலாம் என்று விடாமல் பேசினோம். அப்புறம் ஆள் எண்ணிக்கை. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வேண்டும். காலை பதினொரு மணிக்கு நூற்றிருபது பேர்தான் இருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்தான் வீடு வீடாகப் போய்ப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிவந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் தீர்மானமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் கை தூக்கியதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் "முழுமைத் திட்டம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினார்கள். புல எண்களைச் சொல்லி, "பள்ளமும் குட்டையின் நீர்வரத்துப் பகுதியும் குடியிருப்பு உபயோகத்திலிருந்து நீக்கப்பட வேண்டும், மேற்குப் பக்கத்துத் தார் ரோட்டை ஒட்டிய மேட்டு நிலத்தைக் குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம்" என்று எழுத வைத்தோம். அந்தக் கடைசி வாக்கியம் என் யோசனை. வேண்டாம் என்று மட்டும் சொல்வதைவிட, வீட்டை எங்கே வைக்கலாம் என்று நாமே காட்டினால் மனுவை மதித்துப் படிக்கிறார்கள். மேட்டு நிலத்துக்குக் குடிநீர்க் குழாயும் பக்கம், பஸ்ஸும் பக்கம்.

தீர்மான நகல் கைக்கு வர இரண்டு வாரம் ஆனது. கடைசி நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் கிடைத்தது. வரைவு வந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் கிராமத்தின் தற்போதைய நில உபயோக ஆய்வுப் பதிவைக் கேட்டிருந்தேன். பதிலுக்கு 30 நாள் ஆகும்; அவகாசமோ இரண்டு மாதம். ஒரு மாதம் யோசித்துவிட்டுப் போட்டால் பதில் வரும்போது கதவு மூடிவிடும். எனக்கு வந்த பதிலில், எங்கள் கிழக்குப் பக்கத்தைத் தரிசு என்று பதிந்திருந்தது தெரிந்தது. அங்கே அப்போது சோளத்தட்டு அறுத்து முடித்திருந்தார்கள். சாகுபடி நடந்ததற்குச் சான்றாக, பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் பதிவேட்டின் நகலை மனுவோடு இணைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை போனபோது மூன்று பிரதி. ஒன்று அவர்களுக்கு, ஒன்று ஒப்புகை முத்திரைக்கு, ஒன்று என் வீட்டுக்கு. அதே எழுத்தர், அதே பதில். நான் வாக்குவாதம் பண்ணவில்லை. நேராகத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டு, ரசீதை எடுத்துவந்து காட்டினேன். "தபால்ல வந்துரும்னா இதையும் வாங்கிக்கறதுல என்னங்க" என்று உள்ளேயிருந்த கண்காணிப்பாளர் எழுந்துவந்து முத்திரை குத்திக் கொடுத்தார். இப்போது பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அனுப்பும்போது பதிவு வசதியோடு பட்டுவாடா அத்தாட்சியும் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

விசாரணைக்கு அக்டோபரில் அழைத்தார்கள். கடிதம் வந்தது முந்தின நாள் சாயங்காலம். காத்திருந்தது மூன்று மணி நேரம், பேசக் கிடைத்தது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. பெரிய மேப்பை விரித்து வைத்திருந்தார்கள், புல எண் எதுவும் படிக்க முடியாத அளவில். நான் பழைய புலப்படத்தை அதன் மேல் வைத்து அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது எந்த ஆபீஸ்ல வாங்கினீங்கம்மா?" என்று கேட்டார். சான்று முத்திரையைக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவரிடம், "கள ஆய்வு போடுங்க" என்றார். என்னோடு வந்த இருவரின் மனு பதிவேட்டிலேயே இல்லை. அவர்கள் ஒப்புகை வாங்காமல் கொடுத்தவர்கள். அவர்களுக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. அவர்கள் தோட்டமும் அதே பள்ளத்தின் கரையில்தான் இருக்கிறது என்று நான் சேர்த்துச் சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

கள ஆய்வுக்கு வந்தது நவம்பர் நடுவில். முந்தின இரவு நல்ல மழை. இட்டேரி வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் போக முடியவில்லை. செம்மண் கரைந்த தண்ணீர் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் டேப்பைப் பிடித்து இக்கரையிலிருந்து அக்கரைக்கு அளந்தார்கள். பதினோரு மீட்டர். சர்வேயர் நனையாமல் இருக்கக் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதை நோட்டில் எழுதினார். என் மாமனார் கரையில் கைத்தடியை ஊன்றி நின்று, "எழுதிட்டாங்களா கண்ணு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

திட்டம் இன்னும் அரசின் ஒப்புதலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. திருத்திய வரைவில் பள்ளம் நீலக் கோடாக வந்திருப்பதாக அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். குட்டையின் நீர்வரத்துப் பகுதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கள ஆய்வு அறிக்கையின் நகல் கேட்டு, போன வாரம் இன்னொரு பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.