இருட்டைப் பார்த்த பத்து நாள்

பூமியைச் சுற்றிவரும் ஹபிள் தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது எளிதன்று. விண்ணப்பங்களை ஒரு குழு அலசிய பிறகே ஒதுக்குவார்கள். இயக்குநர் தம் விருப்பப்படி பயன்படுத்தவும் ஒரு சிறு பங்கு உண்டு. அதன் ஆய்வுப் பணிகளை நடத்தும், பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், 1995 டிசம்பரில் அந்த நேரத்தைச் சப்தரிஷி மண்டலத்தில், அநேகமாக ஒன்றுமே இல்லை என்று தோன்றிய ஒரு துளி வானத்துக்குச் செலவிட்டார். எதுவும் தெரியாமல் போகலாம் என்று சக வானியலாளர் சிலர் எச்சரித்திருந்தும் அவர் பின்வாங்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

நூறு மீட்டர் தொலைவிலுள்ள டென்னிஸ் பந்தளவே இருந்த அவ்விடத்தை, பூமி குறுக்கே வந்து மறைக்காத திசையாகப் பார்த்துத் தேர்ந்து, பத்து நாள் தொடர்ந்து நான்கு ஒளி வடிகட்டிகளின் வழியே எடுத்த 342 படங்களை ஒன்றுசேர்த்தபோது, சுமார் 3,000 விண்மீன் திரள்கள் (கேலக்ஸிகள்) தெரிந்தன.

அந்தப் படத்தின் ஒரு மூலை படிக்கட்டுபோல் வெட்டுண்டிருக்கும். கோப்பு முழுதாக இறங்கவில்லை என்றே முதலில் நினைத்தேன். ஹபிளில் அப்போதிருந்த கேமராவின் நான்கு உணரிகளில் ஒன்று, வானின் சிறிய பகுதியைப் பெரிதாக்கிக் காட்டியதால், அதை மற்றவற்றின் அளவுக்குச் சுருக்கிச் சேர்த்தபோது வந்த வடிவம் அது. அப்போதெல்லாம் தாம் பெற்ற தரவுகளைத் தாம் மட்டுமே பயன்படுத்த ஆய்வாளருக்கு வழக்கமாக ஓராண்டு தனியுரிமை இருந்தது. இந்தத் தரவுகளையோ வில்லியம்ஸ் உடனடியாக எல்லோருக்கும் திறந்துவிட்டார்.