இருபத்தைந்து சதமும் எங்கள் பொருளியல் வகுப்பும்

1972 இல் நான் எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக் கலைப்பிரிவில் சேர்ந்தபோது, பொருளியல் ஆசிரியர் முதல் நாளே இலங்கையின் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேராவின் வரவு செலவுத் திட்ட உரை வெளியான பழைய நாளிதழோடு வகுப்புக்கு வந்தார். பாடநூலில் வரும் கேள்வியும் (பொருளுக்கான தேவை) நிரம்பலும் (சந்தைக்கு வரும் அளவு) அந்த ஒருவருடைய வாழ்க்கையை வைத்தே எங்களுக்கு விளங்கின.

இலண்டனில் பொருளியல் கற்றுத் திரும்பிய என். எம்., 1934-35 இல் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைக் கிராமங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்றவர்களுள் ஒருவர். 1936 இல் றுவான்வெல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியதற்கு அந்தத் தொண்டே பெருங்காரணம் என்பார் ஆசிரியர். ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, 1953 ஹர்த்தாலின் முன்னணியில் நின்றவரும் அவரே. 1955 இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்துக் கேட்டு நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டு வந்த அவரது லங்கா சமசமாஜக் கட்சி, சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக உறுதிப்படுத்திய 1972 அரசியலமைப்பை ஆக்குவதில் முன்னின்றதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அவரது அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற அதே யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் பொன்னாயின. எங்கள் தறையில் விளைந்த வெங்காயப் பிடிகளை லொறியில் ஏற்றிய அந்தப் போகத்தில்தான் ஐயா கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார். ஆகவே எங்கள் வீட்டில் என். எம்.மைக் குறை சொல்ல யாருமில்லை.

அந்த நன்றியோடுதான், அரசாங்க ஆசுபத்திரிகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட அவரது அரசாங்கம் எடுத்த முடிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தொகை சிறிது, தேவையற்ற கூட்டம் குறையும், மருந்துச் செலவில் ஒரு பகுதியாவது ஈடாகும் என்று மூன்று பக்கங்களுக்கு நியாயம் சொல்லியிருந்தேன். ஆசிரியர் புள்ளி எதுவும் போடாமல், ஓரத்தில் சிவப்பு மையால், "அம்மம்மாவைக் கேட்டீரா?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அம்மம்மா கிழமைதோறும் மருந்துப் போத்தலோடு ஆசுபத்திரிக்கு நடந்து போவது அவருக்குத் தெரியும்.

மலேரியாக் காலத்தில் ஏழையின் குடிசைக்கே மருந்தைக் கொண்டு சென்ற ஒருவர், நோயாளி நீட்டும் நாணயத்தின் பாரத்தை மறந்திருக்கக் கூடாது என்பதே இன்றும் என் முடிவு. அந்தக் கட்டணம் 1977 இல் நீக்கப்பட்டது.

கட்டுரை திரும்பி வந்த அன்று பின்னேரம் அடுப்படியில் அம்மம்மாவிடம் கேட்டேன். "இப்ப இரண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் போறன் மோனே" என்றபடி போத்தலை எடுத்துக் காட்டினார். அடியில் கிடந்த கலவை மருந்தோடு கொதித்தாறிய தண்ணீரைச் சேர்த்து, கழுத்தளவு நிரப்பி வைத்திருந்தார்.