ஊட்டியில் ஏன் காற்றாலை இல்லை?

ஜூலையில் ஊட்டிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: இந்தக் காத்து அடிக்குதே, இங்கே ஏன் காற்றாலை வைக்கக்கூடாது? ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான இறக்கையை முதலில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக் காட்டட்டும், பிறகு பேசலாம். அது போக, 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் அடித்தாலும் அந்த அளவுக்கு மின்சாரமும் குறையும். பருவக்காற்று நெருக்கிக்கொண்டு நுழைவது நமக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயில். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் குவிந்திருப்பது அதனால்தான்.

நம் மலையிடம் இருப்பது உயரமும் தண்ணீரும். சமவெளியில் ஓடும் காற்றாலைகளின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட இவை இரண்டும் ரொம்பவே வேண்டியவை. காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டரிலிருந்து 8 ஆக இறங்கினால், மின்சாரம் பாதியாகிவிடும்; வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. இறக்கை என்னவோ சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உற்பத்தி குறைந்த நொடியே கிரிட்டின், அதாவது மின்நிலையங்களை இணைக்கும் கம்பி வலையின், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியத் தொடங்கும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதை நிலைநிறுத்தியாக வேண்டும். 2013 கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தென் மண்டலம் நாட்டின் கிரிட்டோடு இணைந்த பிறகு குறைவின் அடி நாடு முழுக்கப் பரவலாக விழுகிறது, நிஜம்தான். ஆனாலும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மின்சார அட்டவணையிலிருந்து விலகினால் மாநிலம் காசு கட்ட வேண்டும்.

காற்றின் குறையை உடனுக்குடன் ஈடுகட்ட நிலக்கரி நிலையம் சரிப்படாது. நிமிடத்துக்கு 1 சதவீதம் போலத்தான் ஏறி இறங்கும். 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் பாய்லரில் தீ நிலைகொள்வது சிரமம். எண்ணெய் ஊற்றித் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். அணைத்துவிட்டாலோ மறுபடி சூடேற மணிக்கணக்காகும்.

1932 முதல் ஓடும் பைக்காரா நீர்மின் நிலையத்தில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2 யூனிட். அங்கே பீச்சும் தண்ணீரில் சுழலும் பெல்டன் சக்கரத்தின் அழகு, தண்ணீரைப் பீச்சும் அதன் நாசிலில் இருக்கிறது. லோடு ஏற வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஊசி பின்வாங்கும், பீச்சல் தடிக்கும். லோடு சட்டென்று விழுந்தால் ஊசியை உடனே மூட முடியாது. மலையிலிருந்து இறங்கும் அவ்வளவு நீளக் குழாயில் (பென்ஸ்டாக்) தண்ணீர் திடீரென நின்றால் அழுத்தம் குழாயையே பிளந்துவிடும். அதனால் டிஃப்ளெக்டர் என்ற தடுப்புத் தகடு ஓரிரு நொடியில் பீச்சலைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும், ஊசி தன் பாட்டுக்கு மெதுவாக மூடும். பாதி லோடிலும் திறன் பெரிதாகக் குறையாது என்பதால், காற்றோடு ஏறி இறங்க இதைவிட நல்ல எந்திரம் கிடையாது.

சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. காற்று உச்சத்தில் இருக்கும் ஜூன்–செப்டம்பரில்தான் அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளும் நிறைகின்றன. விளிம்புவரை நிரம்பிய அணையில் டர்பைனை நிறுத்தினால் தண்ணீர் வீணாக வழியும். அந்த நேரம் நள்ளிரவில் தேவையும் குறைந்தால், நிலக்கரியை அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகு, கடைசியில் காற்றாலையைத்தான் நிறுத்தச் சொல்வார்கள். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரத்தை நிறுத்துவது போன்ற அபத்தம் வேறில்லை.

மேலே உள்ள போர்த்திமந்து அணைக்கும் கீழே உள்ள அவலாஞ்சி–எமரால்டுக்கும் இடையே திட்டமிட்ட 500 மெகாவாட் குந்தா நீரேற்று நிலையம் இந்த இடத்துக்குத்தான். மிச்ச மின்சாரத்தில் 100 யூனிட் செலவழித்துத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றினால், பிறகு கீழே விடும்போது 75 முதல் 80 திரும்பும். என் கணக்கில் அது லாபமே. ஆனால் வால்பாறைப் பக்கத்துக் காடம்பாறை நீரேற்று நிலையம் போன்றவற்றின் பழைய, ஒரே வேகத்தில் சுற்றும் எந்திரங்களில் ஒரு குறை: பம்பாக ஓடும்போது லோடைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஒவ்வொன்றும் 100 மெகாவாட். ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இடையில் வரும் 30, 40 மெகாவாட் ஏற்ற இறக்கத்தை வேறொரு நிலையத்தின் டர்பைன்தான் சமாளிக்க வேண்டும்.