'படம்' என்று எழுதியதால் வந்த வினை

பழைய கல்குவாரி ஒன்றைப் போட்டோ எடுக்க இரண்டு நாள் போதும் என்றுதான் தொடங்கினேன். பதினேழு நாள் இழுத்தது. அதில் கமராவைக் கையில் எடுத்தது இரண்டே காலை.

திருகோணமலையில் இருந்து கன்னியாப் பக்கம், காட்டோரத்தில் இருக்கிற குழி. கல் உடைப்பு நின்று வருஷக்கணக்கு. பழைய இயந்திரம் அங்கேயே துருப்பிடித்துக் கிடப்பதால் வாசலில் சங்கிலியும் காவலுக்கு ஒரு ஐயாவும். "கடிதம் கொண்டு வந்தா விடுறன் தம்பி" என்றார்.

சரி என்று கடிதம் எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "குவாரியில் படம் எடுக்க அனுமதி கோருதல்" என்று தலைப்பு. எழுதுவினைஞர் இரண்டு தரம் வாசித்தார். "படத்துக்கு என்ன பெயர்? எத்தனை வாகனம் வரும்?" எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. சினிமாப் படப்பிடிப்புக்குரிய படிவத்தை நீட்டினார். போட்டோ மட்டும்தான் என்றேன். "கடிதத்தில அப்பிடி இல்லையே."

மாற்றி எழுதிப் போனால் அடையாள அட்டைப் பிரதி இல்லை; எதிர்க் கடையில் கரண்ட் இல்லை. அடுத்த தரம் பிரதி இருந்தது, கையெழுத்து வைக்கிறவர் களவேலைக்குப் போய்விட்டார். நான்காம் தரம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

ஆகவே 'புகைப்படம்' என்றே எழுதுங்கள். ஒரு ஆள், ஒரு கமரா, வியாபாரத்துக்கு அல்ல என்பதையும் சேருங்கள். போக முன்னர் அதிகாரி இருக்கிறாரா என்று போன் பண்ணிக் கேளுங்கள். ட்ரோன் என்ற சொல்லையே எடுக்காதீர்கள்; கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் இருக்கிற ஊர் இது.

இவ்வளவு பட்டும் முதல் நாள் பத்து மணிக்குத்தான் உள்ளே போனேன், மடையன். எல்லாம் வெளிறிப்போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. ஐயாதான் சொன்னார்: "விடியப்புறம் வாங்கோ, மேற்குச் சுவர் சிவக்கும்."

மறுநாள் ஏழு மணிக்குச் சிவந்தது. மேலே செம்மண், அதன் கீழ் சாம்பல் கல், மழைநீர் வழிந்த இடமெல்லாம் இரும்புக் கறை, பக்கத்தில் பாசி காய்ந்த கறுப்புக் கோடுகள். அடியில் பச்சைத் தண்ணீர். லென்ஸ் முன்னால் மாட்டுகிற பொலறைசர் கண்ணாடியின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, தண்ணீர் மேலிருந்த வானத்தின் மினுக்கம் விலகி, உள்ளே கிடந்த கற்கள் தெரிந்தன. வைட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஓட்டோவில் விட்டால் அந்தச் சிவப்பை கமரா 'திருத்தி'விடும், 'வெயில்' என்ற தெரிவுக்கு மாற்றுங்கள். முக்கால் மணித்தியாலம்தான், பிறகு பழைய சுண்ணாம்புச் சுவர்.

விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள். வெடி வைத்த பாறையில் வெடிப்புகள் உள்ளுக்குள் ஓடும், வெளியே தெரியாது. என் காலடியில் ஒரு துண்டு கழன்று தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. கரை சரிவே இல்லாமல் செங்குத்தாக இறங்குவதால் விழுந்தவர் ஏற வழியில்லை. தனியாகப் போகவே வேண்டாம்.

போவதென்றால் மாசியில் போங்கள். மாரி மழையில் நிரம்பிய தண்ணீர் அப்போதுதான் தெளிந்திருக்கும். கடிதத்தை மார்கழியிலேயே கொடுத்துவிடுங்கள்.