ஏசி போட்டால் முள் இறங்கும் கார்

கார் சூடாகிறது என்று சொன்னால் பட்டறையில் முதலில் கேட்பது, "எப்பவும் ஆகுதா, எப்பவாவதா?" எப்பவாவது என்றதும் அவர்கள் முகம் வாடிவிடும். வாடாமல் என்ன செய்யும்? கொண்டுபோய் நிறுத்திய அன்றைக்குத்தான் வண்டி ஒழுங்காக இருக்கும். அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டாலும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. "ஒண்ணும் இல்லைங்க, எடுத்துட்டுப் போங்க."

என்னுடையது பழைய சின்ன பெட்ரோல் கார், வேறொருவர் ஓட்டியதை வாங்கியது. நான் சேலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பம்ப்செட், கிரைண்டர், மிக்ஸி என்று கடைக்கு வரும். கார் என் தொழில் இல்லை. ஆனால் இந்தக் கதை கடைசியில் என் தொழிலுக்கே வந்து சேர்ந்ததால் எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் முள் சிவப்பை நோக்கி ஏறும். இன்னொரு நாள் அதே தெரு, அதே வெயில், ஒன்றும் ஆகாது.

பட்டறையில் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். நியாயமான ஆரம்பம்தான். என் வண்டி மூடியில் 0.9 என்று அடித்திருக்கிறது. அந்த அழுத்தம் நின்றால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120-க்குப் பக்கம் வரை தாங்கும். மூடியின் ரப்பர் செத்துவிட்டால் அந்தத் தாங்கல் போய்விடும். அடுத்து ரேடியேட்டரைக் கழுவினார்கள். பழுப்பாகத் துருத் தண்ணீர் வந்தது. முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார் போல. கழுவியது நல்ல காரியம், ஆனால் சூடு நிற்கவில்லை.

மூன்றாவதாகச் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, கழற்றி என் கையில் கொடுத்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்றார் மெக்கானிக். இந்தப் பேச்சை நம் ஊரில் எங்கு போனாலும் கேட்கலாம். அந்த வால்வு குளிர் நாட்டுக்காரனுக்காக வைத்தது அல்ல. எஞ்சின் சீக்கிரம் சூடாகி அதே சூட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சில எஞ்சின்களில் இதே வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும். அந்த மாதிரி வண்டியில் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். குளிர வைக்கப் போய் சூடாக்கின கதை.

வீட்டில் பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, அந்த வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றிப் பார்த்தேன். மேலே 82 என்று அடித்திருந்தது. கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே வாயைத் திறந்தது. வால்வில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு உண்மையில் வழி காட்டியது என் மனைவி சொன்ன ஒரு வரி. நெரிசலில் முள் ஏறியதும், எல்லாரும் சொல்கிற மாதிரி, ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, ஏசி ஓடுறப்ப இந்த முள்ளு ஏறவே இல்லியே, அணைச்சதுக்கு அப்புறம்தானே ஏறுது?" என்றாள். போட்டுப் பார்த்தேன். இறங்கியது.

அப்போதிலிருந்து எங்கே, என்ன வேகம், ஏசி உண்டா இல்லையா என்பதை ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் குறிக்க ஆரம்பித்தேன். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியபோது முள் அசையவில்லை. பைபாஸில் 80-ல் போனாலும் அசையவில்லை. ஏசி இல்லாமல் நெரிசலில் நின்றால் மட்டும், அதுவும் சில நாள் மட்டும், ஏறியது. மலையிலும் பைபாஸிலும் சூடாகியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று பயப்பட வேண்டும். நிற்கும்போது மட்டும் என்றால் காற்றுப் பஞ்சம். என் காரில் இரண்டு ஃபேன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எஞ்சின் சூடானால் ரேடியேட்டர் ஃபேன் மட்டும் ஓடும். ஏசி போட்டால் மற்றதும் சேர்ந்து ஓடும். அந்த இரண்டாவது ஃபேன்தான் முதலாவதின் வேலையையும் பார்த்து வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த தடவை முள் ஏறியதும் ஓரம்கட்டி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் ஃபேன் சும்மா நின்றது. பிளக்கைக் கழற்றி, மீட்டர் வைக்காமல், வயர் கட்டி எடுத்துப்போன 55 வாட் ஹெட்லைட் பல்பைச் சொருகினேன். மீட்டர் கரன்ட்டே இழுக்காது. ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே கருகிப்போயிருந்தாலும் அதன் வழியாக 12 வோல்ட் என்று அது காட்டிவிடும். பல்பு நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அங்கே பொய் நிற்காது. பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் சென்சார், ரிலே, ஃபியூஸ், எர்த் எல்லாம் சரி. பிளக்கைத் திரும்ப மாட்டி, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒரு கட்டையால் மோட்டார் முதுகில் லேசாகத் தட்டினேன். ஓடத் தொடங்கிவிட்டது!

மிச்சம் எனக்குத் தெரிந்த உலகம். சுழலும் பாகத்தில் உரசிக் கரன்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்து குட்டையாகியிருந்தது, ஸ்பிரிங்குக்கு அதை அழுத்தப் பலமில்லை. கார்பன் உரசுகிற செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரில் சில பட்டைகள் கருகியிருந்தன. ஆர்மேச்சர், அதாவது சுழலும் பாகம், நல்ல பட்டையில் வந்து நின்றால் அடுத்த முறை கிளம்பும், கருகின பட்டையில் நின்றால் கிளம்பாது. ஒவ்வொரு முறை ஃபேன் நிற்பதும் ஒரு தாயம் உருட்டல்தான். கிளம்பிவிட்டால் வேகத்திலேயே கருகினதைத் தாண்டி ஓடிவிடும், அதனால்தான் பட்டறையில் பிடிபடவில்லை. வண்டி நகர்ந்தால் எதிர்க்காற்றே இறக்கையைச் சுற்றி வேறு பட்டைக்குத் தள்ளிவிடும். குறை தானாகச் சரியான மாதிரி இருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கினேன். இதற்கு மிக்ஸி கார்பனை ராவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12 வோல்ட் மோட்டாருக்குச் செம்பு கலந்த கார்பன் வேண்டும். கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே மைக்காவைச் சுரண்டி, புஷ்ஷில் எண்ணெய் விட்டு மூடினேன். காயில் கட்டும் தொழிலில் இல்லாதவர்கள் புது மோட்டாரே வாங்கிவிடுவது மேல். மூடியை மடக்கி அடைத்திருப்பார்கள், திறப்பதற்குள் காது ஒடிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் மாட்டினார். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஏர் லாக் போகும்வரை ஓடவிட்டோம். அப்புறம் ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டு ஃபேன் ஓடி நின்று, ஓடி நின்று, மறுபடி மறுபடி கிளம்புகிறதா என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்த்தோம். ஒரு முறைகூடத் தவறவில்லை.

ரிலேயை மட்டும் மாற்றவில்லை. "அதையும் மாத்திரலாமே அண்ணே" என்றார். பல்பு அந்த வெளிச்சத்தில் எரிகிறவரை அது அங்கேயே இருக்கட்டும்.